தள்ளித் தள்ளி

வீடியோ காலில் போனை உயர்த்திப் பிடித்தபடி தையல்காரர் மொட்டைமாடியில் பின்னோக்கி நடந்தார். கடல் தாண்டி நர்ஸ் வேலைக்குப் போன மனைவிக்கு ரோஜாத் தொட்டிகள் எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அதற்காகவே அவற்றைக் குடும்பப் படத்துக்கு நிற்பவர்களைப் போல நெருக்கி வைத்திருந்தார்.

"என்னங்க, இலையெல்லாம் ஒரே கரும்புள்ளியா இருக்கு?"

புள்ளியைச் சுற்றி மஞ்சள் படர்ந்திருந்தது. பாதி இலைகள் மண்ணில் கிடந்தன. காற்றே அசையாத புழுக்கம். தினமும் சாயங்காலம் கடையடைத்து வந்ததும் அவள் நினைப்பு தாங்காமல் செடிகளைத் தலையோடு குளிப்பாட்டுவார். பாசம் கண்ணை மறைத்தது; பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

"ராத்திரி பூரா இலை ஈரமா இருந்தா பூஞ்சை வராம என்ன செய்யும்? காலைல வேர்ல மட்டும் ஊத்துங்க. புள்ளி விழுந்த இலையை வெட்டிடுங்க, உதிர்ந்ததையும் பொறுக்கிக் கட்டி வெளிய போட்டுடுங்க. ஒவ்வொரு செடிக்கும் கத்தரியை ஸ்பிரிட்ல துடைங்க. தொட்டிய தள்ளித் தள்ளி வைங்க, நடுவுல காத்து போகணும்."

"தள்ளி இருந்தா நல்லா இருக்குமா?"

"செடிக்கு நல்லதுங்க" என்றாள்.

ஊரார் துணியையெல்லாம் யோசிக்காமல் வெட்டுகிறவருக்கு இங்கே கை ஓடவில்லை. அதிலும் அந்தக் கடைசிச் செடி, அவள் கிளம்புகிற அன்று குச்சியாக நட்டது. "இது பூக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொல் பொய்யாகக் கூடாதென்று மொட்டு வரும்போதெல்லாம் அவர் கிள்ளி எறிந்துவிடுவார். இப்போது அதையும் மொட்டைக் குச்சியாக்க வேண்டியிருந்தது. அது பிழைக்காமல் போனால் அவள் எதற்குள் வருவாள் என்று பைத்தியக்காரத்தனமாகப் பயந்தார்.

பிழைத்துக்கொண்டது. தொட்டிகள் இப்போது மாடியெங்கும் விலகி நின்றதால் ஒரே படத்தில் அடங்கவில்லை. போனோடு ஒவ்வொன்றாக நடக்க வேண்டியிருந்தது. பேச்சும் அதற்கேற்ப நீண்டது. அதில் அவருக்கு ரகசிய சந்தோஷம்.

கடைசித் தொட்டியில் செந்துளிர்கள்.

"நுனில மொட்டுதானே அது?"

"இல்லம்மா, துளிரு."

"நுனியெல்லாம் கிள்ளிக் கிள்ளி இருந்ததே, எனக்குத் தெரியாதா?" அவள் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தாள். "இந்தத் தடவை கிள்ளிடாதீங்க."

"அப்போ நீ..."

சிக்னல் போய்விட்டது. வாய் பாதி திறந்து, மொட்டைப் பார்த்தபடி அவள் முகம் திரையில் அப்படியே நின்றது. அவர் போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். தொட்டிகளுக்கு நடுவே லேசாகக் காற்று வந்தது.