சுவரோரம் போகும் சூடு

இரண்டாயிரத்து ஆறாம் வருடத்து ஐப்பசி மழை பத்து நாளாக விட்டபாடில்லை. தாயில்பட்டி சாலைத் தீப்பெட்டிக் கம்பெனியின் கீழச் செட்டுக் கொட்டகையில், விடிகாலை ஐந்து மணிக்கே மாடத்தி சட்டத்தை மடியில் சாய்த்துக் குச்சி அடுக்க உட்கார்ந்துவிட்டாள். பலகைப் பள்ளங்களில் ஒவ்வொரு குச்சியாகப் பதிக்க வேண்டும். வரிசை நிறைந்ததும் மேலே பலகை, அதன்மேல் அடுத்த வரிசை. நமுத்த குச்சி விரலில் ஒட்டியது. நகக்கண்ணில் சிராய் ஏறினால் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த குச்சியை எடுத்தாள். தரையின் ஈரம் இடுப்பு வரை ஏறி விறைத்துப்போயிருந்தது.

இத்தனை பாடுபட்டு என்ன? அடுக்கிய சட்டத்தை மருந்தில் முக்கியபின் குச்சித் தலை காய வேண்டும். மழையில் எங்கே காய்கிறது? காயாத சட்டங்கள் இடத்தை அடைத்துக்கொண்டதும், பத்து மணிக்கெல்லாம் "வீட்டுக்குப் போங்கம்மா" என்று கணக்கப்பிள்ளை விரட்டிவிடுவார். மழைக்காலம் முழுக்கக் கீழச் செட்டுப் பெண்களுக்கு அரை வேலை, அரை வயிறு.

மேலச் செட்டின் கதை வேறு. மூன்று வருடம் முன்பு முதலாளி இராமகிருஷ்ணன் கம்பெனியின் ஒரு கோடியில் பாய்லர் வைத்தார். வேலிக்கருவை விறகு அங்கே எரியும். ஆவி மட்டும் இரும்புக் குழாய் வழியாக வந்து மேலச் செட்டின் காயப்போடும் அறையைச் சூடாக்கும். மருந்துப் பக்கம் நெருப்பே வராது. நல்ல ஏற்பாடுதான், யார் குறை சொன்னது? ஆனால் அந்தக் குழாய், சாக்கும் கயிறும் சுற்றிக்கொண்டு, கீழச் செட்டின் சுவரை உரசிக்கொண்டுதான் மேலச் செட்டுக்குப் போனது. மாடத்தியின் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் சூடு போகும். அவளுக்கு அதில் பங்கில்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். மேலச் செட்டில் அவளுடைய ஓரகத்தி வீரலட்சுமி இருந்ததுதான் பொறுக்கவில்லை. கொழுந்தன் பெண்டாட்டி, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடித்தனம். மழையிலும் முழு நாள் வேலை பார்த்துவிட்டு உலர்ந்த சேலையோடு வருவாள். மேலச் செட்டுக்காரிகள் தூக்குச்சட்டியைக் குழாய்மேல் வைத்து மத்தியானம் சுடச்சுடச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்ட அன்றைக்கு மாடத்திக்குச் சோறு இறங்கவில்லை. போன வாரம் சுவர் தாண்டி அயிரை மீன் குழம்பு வாசம் வந்தபோது, தன் அடுப்பில் கொதித்த வெறும் ரசத்தைப் பார்த்து வயிறு எரிந்தாள். வீரலட்சுமி ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். அது இன்னும் எரிந்தது.

மழையின் நான்காம் நாள், சன்னல் வழியே கையை விட்டுக் குழாயின் சாக்கை ஒரு முழம் உரித்தாள் மாடத்தி. குப்பென்று சூடு உள்ளே வந்தது. பக்கத்திலிருந்த பாலம்மாள் பார்த்துவிட்டு மறுநாள் இரண்டு முழம் உரித்தாள். வாரத்துக்குள் சுவர் நீளத்துக்கும் குழாய் அம்மணமாகக் கிடந்தது. சன்னலோரம் நிறுத்திய சட்டங்கள் காய்ந்தன. தெருவில் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் வீரலட்சுமி, "எங்க ரூம்புல சூடே ஏற மாட்டேங்குதுக்கா" என்று சொன்னபோது, "மழைக்காலம்ல, அப்பிடித்தான் இருக்கும்" என்றாள் மாடத்தி. உள்ளுக்குள் சர்க்கரையாக இனித்தது.

இரண்டு நாளாகக் குழாய்க்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. பத்தாம் நாளான அன்று ஏழு மணிக்கு, மேலச் செட்டு வாசலில் குழாயின் மூட்டு வெடித்தது. சட்டம் தூக்கிப் போன வீரலட்சுமியின் வலது கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. அவள் போட்ட அலறலில் மாடத்தியின் மடியிலிருந்த சட்டம் சரிந்து குச்சியெல்லாம் தரையில் கொட்டியது.

பாய்லர்காரர் நாகையா பெண்களிடம் சொன்னார்: "சாக்கு இல்லாம வெறும் பைப்பு கெடந்தா ஆவி குளுந்து தண்ணியாயிரும். அந்தத் தண்ணிய வெளியேத்துற வால்வு போன வருசமே போச்சு. மொதலாளிகிட்டச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம். கட்டுன தண்ணியில ஆவி வந்து மோதுச்சு, மூட்டு பிச்சுக்கிருச்சு."

மறுநாள் காலை இரண்டு செட்டையும் முற்றத்தில் நிறுத்தினார் முதலாளி.

"சாக்க உரிச்சது யாரு? மேலச் செட்டு ஆளுகளே, பேரச் சொல்லுங்க, ஒங்களுக்கு வேல உண்டு. சொல்லலேன்னா கீழச் செட்ட இழுத்துப் பூட்டிருவேன். அடுத்த மாசம் இந்த ரோட்டுல அஞ்சு கம்பெனிக்கு நம்ம பாய்லர்ல இருந்து ஆவி விக்கப் போறேன். இந்த நேரத்துலயா எனக்குக் கேவலத்த உண்டாக்குவீக?"

மேலச் செட்டுக்காரிகளின் கண்கள் கீழச் செட்டின் பக்கம் திரும்பின. அப்போதுதான் கையில் கட்டோடு வீரலட்சுமி வாசலில் வந்து நின்றாள். அந்தக் கட்டைப் பார்த்த பிறகு மாடத்தியால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நாந்தான் மொதலாளி உரிச்சேன். இவ மேல உள்ள பொறாமையில உரிச்சேன்."

"நானுந்தான்" என்றாள் பாலம்மாள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க!"

வீரலட்சுமி நேராக மாடத்தியிடம் வந்தாள். முகம் கடுத்திருந்தது. "ராத்திரி பூராத் தூங்கலக்கா. ஒன்னய நாலு வார்த்த கேக்காம விட மாட்டேன். அத வீட்டுல போயிக் கேட்டுக்கிடுதேன்." பிறகு முதலாளியைப் பார்த்தாள். "வால்வு கெட்டு ஒரு வருசம் ஆச்சாமே. அத மாத்தாம விட்டதும் எங்கக்காதானா? அஞ்சு கம்பெனிக்குப் போற ஆவி, சுவத்துக்கு இந்தப் பக்கம் இருக்குற கீழச் செட்டுக்கு வராதாக்கும்?"

முற்றமே அவளைப் பார்த்தது. இந்தக் கேள்வி நம் வாயில் வராமல் போயிற்றே என்று அப்போதும் மாடத்திக்குச் சுருக்கென்றது. கூடவே கண்ணும் கலங்கியது.

"அதெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். மேலச் செட்டு, உள்ள போங்க. நாகையா, பாய்லரப் பத்த வையி."

"புது வால்வு மாட்டாமப் பத்த வைக்க மாட்டேன் மொதலாளி."

மேலச் செட்டிலிருந்து ஒருத்தியும் அசையவில்லை. "ரெண்டு செட்டுக்கும் ஆவி லைன் வரணும், வீரலட்சுமி வைத்தியத்த நீங்க பாக்கணும், யாரையும் நிப்பாட்டக் கூடாது" என்று கூட்டத்திலிருந்து குரல்கள் வந்தன. முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது.

"பதில் வர்ற வரைக்கும் இங்கனயே இருப்போம்" என்று மாடத்தி கீழச் செட்டின் கதவைத் திறந்தாள். எல்லோரும் உள்ளே வந்து தரையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மேலச் செட்டுக்காரிகள் அந்தத் தரையில் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

"யாத்தே, இம்புட்டுக் குளுரா!" என்று வீரலட்சுமி விதிர்த்து எழப் பார்த்தாள். "இதுலயாக்கா உக்காந்து அடுக்குதீக?"

"மூணு வருசமா" என்றாள் மாடத்தி. வீரலட்சுமியின் கட்டுப்போட்ட கையை ஈரத்தில் படாமல் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.