திருப்பிப் போட்ட நாற்காலி

மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ் தேய்க்கும் பணியில் இருந்த அவரை எல்லோரும் 'ராசி' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரில் இருந்த கேலியை அவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டிருந்தார். பந்தயம் என்று வந்துவிட்டால் அவர் கை வைத்த பக்கம் விளங்கியதே இல்லை. அவர் நம்பிய ஓட்டக்காரர் எல்லைக்கோட்டை நெருங்கும்போது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் மெச்சிய கோல்கீப்பரின் கைக்குள் வந்த பந்து நழுவி வலைக்குள் போய்விடும்.

பட்டறையில் காசு வைத்துப் பந்தயம் கட்டக் கூடாது என்பதில் முதலாளி கறாராக இருந்தார். அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. தோற்றவர் அடுத்த ஆட்டம் முடியும்வரை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, பார்ப்பவர்களின் முகத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும். சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சிக்கு ராசியின் முகத்தைவிட முதுகுதான் நன்றாகப் பழக்கம்.

அவருடைய மனைவி மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு மாற்றும் பணி செய்துவந்தார். பாரத்தை அவர் தூக்கும் நேர்த்தியைக் கவனித்த ஒரு பயிற்சியாளர், அவரைப் பளுதூக்கும் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். அது முதல் அந்த அம்மையார் போட்டிகளில் கலந்துகொண்டார். கணவரோ ஒவ்வொரு போட்டியிலும் சரியாகக் கம்பி மேலே எழும் தருணத்தில் பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

"கம்பியை இறக்கிட்டு நிமிர்ந்து பாக்கறேன். ஊரே கண்ணைத் திறந்து வெச்சிருக்கு, என் வீட்டுக்காரர் மட்டும் தூங்கறார்" என்றார் மனைவி. "நாளைக்கு இறுதிப் போட்டி. எனக்கு வேற எதுவும் வேண்டாங்க. நான் தூக்கறதை ஒரு தடவை கண்ணால பாருங்க."

"சத்தியமா பாக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தார் ராசி.

மறுநாள் அரங்கத்துக்குப் பட்டறையே திரண்டு வந்திருந்தது. முதல் சுற்றில், கம்பியைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். "யார் முந்துவாங்க?" என்று பட்டறை ஸ்டோர்கீப்பர் பந்தயத்தைத் தொடங்கினார்.

"அந்த உயரமான பொண்ணு" என்றார் ராசி சட்டென்று.

முதலாளி திரும்பிப் பார்த்தார். "யோவ், மேடையில நிக்கறது உன் சம்சாரம்யா."

தாம் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் அந்தப் பக்கம் தோற்கும் என்பது ராசியின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆகவே மனைவியை ஜெயிக்க வைக்க எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். கணக்கு பலித்தது. ராசி வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டிருக்க, அந்த அம்மையார் முந்தினார், ராசி தோற்றார். மனம் குளிர்ந்து அவர் கை தட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டோர்கீப்பர் தொண்டையைச் செருமினார்.

"ராசி, நாற்காலி."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடுத்த ஆட்டம் என்பது இரண்டாம் சுற்று. மனைவி தூக்குவதைப் பார்க்க மிச்சமிருந்த ஒரே சுற்று.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்."

"என்னை விட்டியா நீ? முதலாளிகிட்ட தோத்துட்டு, போன கால்பந்து இறுதி ஆட்டம் முழுக்கத் திரும்பி உக்காந்து உன் மூஞ்சியைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன். போடு, போடு."

ராசி நாற்காலியைத் திருப்பிப் போட்டார். பார்வையாளர் பகுதியில் விளக்குகள் மங்கலாயின, மேடை மட்டும் வெளிச்சத்தில் இருந்தது. முதலில் முதலாளியின் கண்ணாடியைப் பார்த்தார். வெளிச்சம் பிரதிபலிக்காதபடி அதற்குக் கோட்டிங் போட்டவர் அவரே. மிகச் சுத்தமான வேலை. மங்கிய பச்சை நிறத்தைத் தவிர அதில் ஒன்றும் தெரியவில்லை. தம் வேலையை அவர் நொந்துகொண்டது அன்றுதான்.

ஸ்டோர்கீப்பரோ கோட்டிங் வேண்டாம் என்று சொன்னவர். "மின்னினா மின்னட்டுமே, நான் என்ன சினிமாவுலயா நடிக்கப் போறேன்?" என்று கேட்டிருந்தார். அந்த வெறும் கண்ணாடியில், வலதும் இடதும் மாறி, பக்கத்துக்கு ஒருவராக இரண்டு மனைவிமார்கள் மேடை ஏறினார்கள்.

"அண்ணே, தலையை ஆட்டாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

விஷயத்தைப் புரிந்துகொண்ட ஸ்டோர்கீப்பர் சிலையானார். "கண்ணைச் சிமிட்டலாமா?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

அரிசி மணியளவே இருந்த அந்த உருவம் குனிந்தது. கம்பி தோளுக்கு வந்தது. முழங்கால் நடுங்கியது கண்ணாடியில் தெரிந்ததா, அவராக உணர்ந்தாரா என்பது அவருக்கே விளங்கவில்லை. இமைகள் வழக்கம்போல் இறங்கப் பார்த்தன. அவர் விடவில்லை. அப்போது அந்தக் கண்ணாடியைச் சுற்றியிருந்த முகங்களும் கண்ணில் பட்டன. எதற்கும் அசையாத முதலாளி எழுந்து நின்றிருந்தார். அவருடைய கைகள் அவருக்கே தெரியாமல் தலைக்கு மேல் போயிருந்தன. பின்வரிசைகளில் எத்தனையோ பேர் மூச்சை அடக்கி, தாங்களே அந்தப் பாரத்தைச் சுமப்பதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணியின் இரண்டு கைகள் ஓர் அரங்கத்தையே இருக்கையிலிருந்து தூக்கியிருந்தன.

அங்கே ராசிக்கு வேலையே இல்லை. இத்தனை வருடங்களாகத் தம்மால்தான் ஓட்டக்காரர்கள் விழுந்தார்கள், பந்து நழுவியது என்று நினைத்திருந்தவருக்கு, அந்தக் கம்பி தம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது புரிந்தது. உடல் சிலிர்த்தது. கண்ணாடியின் ஓரத்தில் தூக்கியது செல்லும் என்று காட்டும் நடுவர்களின் வெள்ளை விளக்குகள் புள்ளிகளாக எரிந்தன. அரங்கம் அதிர்ந்தது.

வெளியே வந்த மனைவியின் உள்ளங்கைகளில் இன்னும் சுண்ணப்பொடி இருந்தது. "பாத்தீங்களா? மேடை ஏறும்போது உங்க முதுகுதான் தெரிஞ்சுது."

ராசி ஒன்று விடாமல் சொன்னார். எதிராளி பக்கம் பந்தயம் கட்டியதையும் சொன்னார்.

"அப்போ நான் ஜெயிச்சது உங்க ராசியாலயா?"

"இல்லம்மா. அந்தக் கம்பிக்கு நான் யாருன்னே தெரியாது. இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

மனைவி சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "தூக்கும்போது எனக்கு எதிர்ச் சுவர்தான் தெரியும். ஜனங்க எப்படி இருந்தாங்க?"

"எங்க முதலாளி எப்பவும் உர்ருன்னு இருக்கார்னு சொல்லுவியே, அவர் எழுந்து நின்னுட்டார். ரெண்டு கையும் மேல."

"அவரா?" மனைவி நடப்பதை நிறுத்தினார். "அப்புறம்?"

ராசி பையைக் கீழே வைத்துவிட்டு, நடுத்தெருவில் முதலாளியைப் போலக் கைகளை உயர்த்திக் காட்டினார்.