புத்தகம் சொன்னவர்கள் வந்து உட்கார்ந்த தெரு

தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்துக்கு மேலே குன்றில் ஏறும் தெருவில், 1996ஆம் வருஷக் கடைசியில் முதல் பனி விழுந்த வாரத்திலிருந்து, ஒருவர் சொல்லி இன்னொருவர் ஒரு புத்தகத்தைப் படிக்க எடுத்தால், சொன்னவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதே நேரத்தில் அவர் தன் வீட்டில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டோ, கடையில் யாரையாவது ஏமாற்றிக்கொண்டோ இருப்பார். அந்த வேலைக்கு ஒரு குறையும் வராது. வந்து உட்கார்ந்தவர் பேசமாட்டார், சாப்பிடமாட்டார், கழிப்பறை எங்கே என்று கேட்கமாட்டார். படிப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சிரிக்கவேண்டிய இடம் வருவதற்கு முன்பே சிரிக்கத் தயாராகி, படிப்பவர் சிரிக்காமல் தாண்டிப்போனால் வாடிப்போவார். புத்தகம் முடிந்ததும் எப்படி இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார். மரியாதைக்காக நன்றாக இருந்தது என்று சொன்னால் அசையமாட்டார். மரியாதைக்குப் பெயர்போன தெரு அது. முதல் மாதத்திலேயே பல வீடுகளில் கால் நீட்டிப் படுக்க இடமில்லை.

வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். இவர்கள் தண்ணீர் செலவழிக்காததால் குடிநீர்க் கட்டணத்தில் சேர்க்கவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தையில் மீன் விற்கும் போக்னே இதில் இருந்த லாபத்தை முதலில் கண்டுபிடித்தாள். யார் வீட்டில் குளிருக்குச் சூடேற்றிய தரையில் தன் உருவம் உட்கார்ந்திருக்கிறதோ, அந்தச் சூடு சந்தையில் பனிக்கட்டிக்கு நடுவே நிற்கும் தன் முழங்காலுக்கும் வருகிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அந்த ஜனவரியில் சூரை மீன் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு காதல் கதையின் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

தெருவின் வளைவில் சலவைக்கடை வைத்திருந்த பியோ சாங்கில் மட்டும் யார் சொல்லியும் எதையும் படிக்கவில்லை. அவருக்கு நாற்பத்தேழு வயது. வாடகைப் புத்தகக் கடையில் வாள்சண்டைக் கதைகளை வரிசை எண் பார்த்துத் தானே எடுத்து வருவார். ஒரு பாகம் முடிந்தால் அடுத்த பாகம். சிபாரிசுக்கு அதில் வேலையில்லை. அவர் வாலிபராக இருந்த ராணுவ ஆட்சிக் காலத்தில் ஒரு புத்தகம் கைமாறினால் கொஞ்ச நாளில் தோல் ஜாக்கெட் போட்ட இரண்டு பேர் வந்து யார் கொடுத்தது என்று கேட்பார்கள். கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்களில் சிலர் திரும்பி வந்து அதற்கப்புறம் செய்தித்தாள்கூடப் படிக்கவில்லை. மலைவிட்டு மலை தாவி வாள் வீசுகிறவனின் கதையைப் படித்ததற்காக யாரையும் யாரும் கூட்டிப்போனதில்லை. ஒருவன் இன்னொருவனுக்குப் புத்தகம் சொல்கிறான் என்றால் கட்சிக்கு ஆள் சேர்க்கிறான், இல்லை தேவாலயத்துக்கு ஆள் சேர்க்கிறான், அதுவும் இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் விற்கிறான் என்பது அவருடைய முடிவு. தவிர அவர் தொழில் அப்படி. துவைக்கப்போடும் முன்னால் ஒவ்வொரு சட்டைப்பையையும் துழாவிப் பார்த்துப் பார்த்து, எல்லா மனிதருக்குள்ளும் ஒரு பை இருக்கிறது என்று ஆகிவிட்டது.

அவர் மனைவி இம்சுன் தெருவில் இருந்த வாசகர் வட்டத்தில் சேர்ந்திருந்தாள். வட்டத்துக்குத் தலைவர் நாம்குங், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆய்வாளர். தாங்கலே இல்லாமல் தானாக நிமிர்ந்து நிற்கிற தடிமன் இல்லாத புத்தகத்தை அவர் யாருக்கும் சொன்னது கிடையாது. இம்சுன் அதற்குமுன் படித்ததெல்லாம் ஸ்வெட்டர் பின்னுகிற புத்தகமும் மருந்துச் சீட்டும்தான். இப்போது வீட்டுக்குள் ஆக்டோபஸைப் பற்றி ஒன்று, விஷம் வைக்கிற சமையல்காரியைப் பற்றி ஒன்று என்று வந்தபடி இருந்தது. கூடவே அதைச் சொன்னவர்களும் வந்தார்கள். கடையை மூடிவிட்டுப் பின்கட்டுக்குள் நுழையும்போது சாங்கில் முதலில் இன்றைக்கு உட்கார்ந்திருப்பது யார் என்று எட்டிப் பார்ப்பார். எல்லோரும் பெண்கள், தெரிந்தவர்கள், பாதிப்பேர் கடைக்குப் பாக்கி வைத்தவர்கள். பொறுத்துக்கொண்டார்.

சந்திரப் புத்தாண்டு முடிந்த வாரத்தில், யாரோ எப்போதோ கொடுத்து நீங்கள் திறக்காமலே வைத்திருக்கும் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு வாருங்கள் என்று வட்டத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்று சாயங்காலம் சாங்கில் கதவைத் தள்ளியபோது இம்சுன் பக்கத்தில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கம்பளிக் கோட்டு, கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, நெற்றி மறைய முடி. மற்றவர்கள்போல ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. தாடையை அவள் தோளில் வைக்காத குறையாகச் சாய்ந்திருந்தான். அவள் பக்கத்தை மெதுவாகத் திருப்பினாள். இதற்குமுன் எந்தப் புத்தகத்தையும் அவள் அவ்வளவு மெதுவாகப் படித்ததில்லை.

"யாரு அது?"

"புத்தகம் சொன்னவரு."

"எந்த ஊர்க்காரன்?"

"இந்த ஊருதான். அந்தக் கதவைச் சாத்துங்க, குளிருது."

தலைவர் நாம்குங்கையே அந்த ஆளு என்று சொல்கிறவள், இவனைச் சொன்னவரு என்கிறாள். சாங்கில் சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் அவள் கறிகாய் வாங்கப் போனதும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது. அந்தக் காலத்தில் மறைக்கவேண்டியதை எல்லாம் காலண்டர் தாளில்தான் மறைப்பார்கள். உள்ளே பொடி எழுத்து, வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்கள், ஏதோ ஆறு, ஏதோ படகுக்காரன். ஒன்றும் புரியவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

அப்புறம் அவர் விசாரணையில் இறங்கினார். முதலில் சந்தைக்குப் போய், காலண்டர் அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றை இம்சுனுக்கு யாராவது ஆண்பிள்ளை கொடுத்துப் பார்த்ததுண்டா என்று போக்னேயிடம் சுற்றிவளைத்துக் கேட்டார். மீன் வாங்க வந்தாயா, துப்பறிய வந்தாயா என்று அவள் கேட்டாள். பேச்சை வளர்ப்பதற்காக, அவள் நீட்டிய காதல் கதையை வாங்கிக்கொண்டார்.

"உன் மூஞ்சிக்கு இதுதான் மருந்து, தம்பி," என்றாள் போக்னே. "மூணு வேளையும் படி."

தகவலுக்காகத்தான் வாங்கினார். ஆனாலும் பிரித்தது பிரித்ததுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே செதில் ஒட்டிய ரப்பர் கையுறையோடு போக்னே வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அவளை அனுப்பவாவது முடிக்கவேண்டியிருந்தது. முடித்துவிட்டு, அந்த டாக்டரைக் கடைசியில் சாகடித்திருக்கவேண்டாம் என்று எரிச்சலோடு சொன்னார். கண்ணில் தூசி என்றும் சொன்னார். முதலாவது உண்மையாக இருந்ததால் அவள் எழுந்து போனாள்.

தெருவின் பொதுக் குளியல்கூடக்காரரிடம் விசாரித்ததில் பாசிகளைப் பற்றிய ஒரு புத்தகம் தலையில் விழுந்தது. குளியல்கூடக்காரர் இடுப்புத் துண்டோடு வந்து மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். போதகரைக் கேட்டதில் துருவத்துக்குப் போய் நாய்களைத் தின்றவர்களின் கதை கிடைத்தது. வாடகைக் கடைப் பெண் எதுவும் சொல்லமாட்டேன் என்றாள். சொன்னால் உங்கள் வீட்டு நாற்றத்தில் நான் உட்காரவேண்டும் என்றாள். கடைசியில் அவளும் ஒன்று சொன்னாள். வசந்தம் வருவதற்குள் பியோ சாங்கில் வாள் பிடிக்காதவர்களைப் பற்றியே ஓர் அலமாரி அளவு படித்திருந்தார். யாராவது கேட்டால் விசாரணை என்பார். இஸ்திரி போடும்போது, பாசிக்கு வேர் கிடையாது தெரியுமா என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். விசாரிக்க ஆள் மிச்சமில்லாத ஒரு வாரம் வந்தபோது கை நமநமவென்று இருந்ததால், ஏற்கெனவே விசாரித்தவர்களிடமே மறுபடி போனார்.

கடைசியாக நாம்குங் வீட்டுக்குப் போனார். அவர் பழங்காலச் சிந்தனையின் வரலாறு என்று ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்து, இது என்னை உருவாக்கிய நூல் என்றார். அன்று மாலை நாம்குங்கின் உருவம் வந்தது. வந்து எதிரில் உட்காரவில்லை. சாங்கிலின் தோள்மீது சாய்ந்து, உதட்டை அசைத்து எழுத்துக்கூட்டி, கூடவே படிக்க ஆரம்பித்தது. சாங்கில் பக்கத்தைத் திருப்பப்போனால் விரலை வைத்துத் தடுத்தது. விஷயம் அப்போதுதான் புரிந்தது. தான் படித்த புத்தகத்தைச் சொன்னவன் படிப்பவன் முகத்தைப் பார்ப்பான். படிக்காமலே சொன்னவன் புத்தகத்தைப் பார்ப்பான். மறுநாள் குளியல்கூடத்தில் இது வெளியே வந்தது. நாம்குங் சொன்ன புத்தகத்தைப் பிரித்துத் தோள்வலி வந்த வேறு நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள். தலைவர் அதை மறுவாசிப்பு என்று விளக்கினார். அந்த வருஷம் முழுக்க அந்த வார்த்தைதான் தெருவில் பொய்க்குப் பெயர்.

ஆனால் சாங்கிலுக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டுக்காரனும் சாய்ந்துதானே இருக்கிறான். படிக்காத புத்தகத்தை அடுத்தவன் மனைவிக்குக் கொடுக்கிற ஆள் எவ்வளவு பெரிய எத்தனாக இருக்கவேண்டும். வீட்டுக்கு வந்தவர் இம்சுன் எதிரில் நின்றுகொண்டே சொன்னார்.

"அவன் அதைப் படிச்சதே இல்ல, போரா அம்மா. பொய்யன்."

"தெரியும்."

"தெரிஞ்சா பக்கத்துல வச்சிருக்க?"

"அப்பவே தெரியும்," என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

அந்த அப்பவே அவரை உடைத்துவிட்டது. எப்போது? எத்தனை காலமாக? இருபத்துமூன்று வருஷம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவள். அவன் இந்த வீட்டைவிட்டுப் போகவேண்டும், இல்லையென்றால் நான் சியோலுக்கு, மகள் போரா வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வரமாட்டேன் என்றார். பையில் இரண்டு சட்டையைத் திணித்தார். செருப்பு மாட்டுகிற இடம்வரை போனார். உண்மையிலேயே போயிருப்பார், மனிதர் அவ்வளவு பிடிவாதம். ஆனால் கோட்டின் பின்மடிப்பு தரையில் கிடந்து கசங்குவது கண்ணில் பட்டது. அதைப் பார்த்துக்கொண்டு போகிற கை அவருக்கு இல்லை. குனிந்து மடிப்பை எடுத்துவிட்டார். உள்பக்கத் துணியில், இஸ்திரிப்பெட்டியின் மூக்கு அளவுக்குக் கருகி, அதன்மேல் சிலந்திவலைபோல நெருக்கித் தைத்த ஓர் ஒட்டு இருந்தது.

அந்தத் தையல் அவருடையது. 1973இல் முதலாளி கடையில் உதவியாளாக இருந்தபோது, யாரோ ஒரு சட்டக்கல்லூரி மாணவனின் கோட்டை அவர் கருக்கினார். அடி வாங்கினார். இரவோடிரவாக ஒட்டுப் போட்டார். மாணவன் திரும்ப வாங்க வராததால், கம்பளி நூல்கடையில் வேலை செய்த ஒரு பெண்ணைப் பார்க்கப் போக அதையே மாட்டிக்கொண்டார். கோட்டுப் போட்டால் கையில் புத்தகம் இருந்தாகவேண்டும் என்று, பழைய புத்தகக் கடையில் இருப்பதிலேயே தடித்ததாக ஒன்றை எடுத்தார். இது என்னை மாற்றிய புத்தகம் என்று சொல்லிக் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியில் இருந்தது வெறும் கண்ணாடி.

சாங்கில் பையைக் கீழே வைத்தார்.

"இது நானா?"

"மூஞ்சியைப் பாத்துக் கண்டுபிடிப்பீங்கன்னு ரெண்டு மாசமா பாத்தேன். கோட்டப் பாத்துல்ல கண்டுபிடிச்சிருக்கீங்க."

"எனக்கு இவ்வளவு முடியா இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"ஏன் இத்தன வருஷம் படிக்கல?"

"பயம்தான்," என்றாள் இம்சுன். "அடுத்தவன் கோட்டு, படிக்காத புத்தகம். இப்படி ஒருத்தன் வந்து நின்னா ஒண்ணு போலீஸ் ஆளு, இல்ல போலீஸ் தேடற ஆளு. ரெண்டும் இல்ல, சும்மா துணி தோய்க்கறவன்னு விசாரிச்சுத் தெரிஞ்சப்புறம்தான் சரின்னேன். புத்தகத்த விசாரிக்க வழியில்ல. பரண்ல போட்டுட்டேன்."

தான் ஒருவர்தான் சந்தேகப்படப் பிறந்தவர் என்று அதுவரை நினைத்திருந்தார். பிறகு, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டார். கடைசி அத்தியாயம் மட்டும் என்றாள். சட்டென்று முடித்து ஒரு வார்த்தை சொல்லி அவனை அனுப்பிவிடேன் என்றார். என்ன அவசரம் என்றாள் அவள். இளைஞன் அவள் தோளில் சாய்ந்தபடியே இருந்தான். அவன் யாரென்று தெரிந்ததில் சாங்கிலுக்குப் பொறாமை குறையவில்லை. அடிக்க ஆள் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

சில நாள் கழித்து, ஒரு பழைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, அது எப்படி இருக்கிறது, நான் படிக்கலாமா என்று கேட்டார். படிங்க, நடுவில் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். சொன்னது சொன்னதுதான்: அடுப்படியில் இம்சுன் சோறு வடித்துக்கொண்டிருக்க, இன்னொரு இம்சுன் வந்து அவர் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அப்படி யாரும் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அவருக்குக் காது சிவந்தது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். கோடை முழுக்க ஆயிற்று. படகுக்காரன் திரும்பி வருகிற இடத்தை அவர் தாண்டிய சாயங்காலம், கோட்டுக்காரன் முதல்முறையாக அவள் தோளை விட்டு விலகி, நிமிர்ந்து உட்கார்ந்து, புத்தகத்தை விட்டுவிட்டு, படித்துச் சொன்னவர்களைப்போல இம்சுனின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். அவளும் அதைக் கவனித்தாள். முன்நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள். சாங்கிலும் அதைக் கவனித்தார்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் அவர் அபிப்பிராயம் சொல்லவேண்டியிருந்தது. நடுவில் இழுக்கிறது, ஆனால் அந்தப் படகுக்காரன், என்று ஆரம்பித்தவருக்கு மேலே வரவில்லை. அது உண்மையாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டாவது இம்சுன் எழுந்து பாவாடையை நீவிவிட்டுக்கொண்டு போனாள். அவர் அந்த இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் தலையை நீட்டி, வேறு ஏதாவது சொல்லேன் என்றார்.

அந்த 1997ஆம் வருஷக் கடைசியில் நாட்டின் பணம் மதிப்பிழந்தது. கோட்டுகளைத் துவைக்கப் போட்டவர்கள் துவைக்காமலே போட்டுக்கொண்டார்கள். வாசகர் வட்டம் கலைந்தது. வாடகைப் புத்தகக் கடை இருந்த இடத்தில் வறுத்த கோழி விற்றார்கள். நாம்குங்கின் உருவங்கள் மட்டும் ஏழெட்டு வீடுகளில் இன்னும் முதல் அத்தியாயத்திலேயே நிற்கின்றன. அந்த வீட்டுக்காரர்கள் அவற்றின்மேல் துணி காயப்போடுகிறார்கள். இம்சுன் கடைசி அத்தியாயத்தை இன்னும் படிக்கவில்லை. சாங்கில் இப்போதெல்லாம் அதைப் பற்றிக் கேட்பதில்லை. சலவைக்கடைக்கு வருகிறவர்கள் திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்து, கணவனுக்கு ஒரு முறை, மனைவிக்கு ஒரு முறை, கோட்டுப் போட்டவருக்கு ஒரு முறை தலை குனிந்து வணங்கிவிட்டு, தங்கள் துணியை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.