நூற்று நான்கு கிலோமீட்டர்

ரெக்ஸ் ஹெப்னர் முப்பத்தொரு வருஷம் தின்மாரா ரயிலடிக் கிடங்கில் கோதுமைக்குத் தரம் பார்த்தவர். அறுவடைக் காலத்தில் லாரி வந்து நின்றதும் மேடைமேல் ஏறி, மாதிரி எடுக்கும் நீண்ட குழாயைக் குவியலுக்குள் அடி வரைக்கும் இறக்கி எடுப்பார். ஒரு இடத்தில் அல்ல, எட்டு இடத்தில். மேலே நல்ல மணியும் அடியில் மழை பட்டதும் போட்டுக் கொண்டுவருகிறவனை அவருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் முகத்தை நம்ப மாட்டார், குழாயைத்தான் நம்புவார். ஈரம் கூடினால் தரம் குறையும். உயிருள்ள வண்டு ஒன்றே ஒன்று சல்லடையில் ஓடினால் லாரி முழுவதும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. கோரலின் அண்ணன் கொண்டுவந்த லாரியையே ஒரு தரம் அப்படித் திருப்பியிருக்கிறார். அவன் இரண்டு கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

அந்தக் கோரலுக்கு, தன் மனைவிக்கு, ஒரு முதியோர் இல்லம் பார்க்க வேண்டி வந்தபோதும் ரெக்ஸ் அதே ஆளாகத்தான் போனார்.

பக்கவாதத்தில் கோரலுக்கு இடது கையும் காலும் போயிருந்தன. புத்தி ஒரு நூல்கூடக் கலங்கவில்லை. ஏப்ரலில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ரெக்ஸ் அப்போது கொல்லைக் கோடியில் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பம்பு சத்தத்தில் அவள் கூப்பிட்டது கேட்கவில்லை. நாற்பது நிமிடம் ஈரத் தரையில் கிடந்தாள். இனி வீட்டில் வைத்துப் பார்க்க ஒற்றை ஆளால் ஆகாது என்று டாக்டர் சொன்னபோது ரெக்ஸ் மறுத்துப் பேசவில்லை.

சட்டைப் பையில் அடங்குகிற நோட்டு ஒன்று வாங்கினார். பார்க்க வேண்டியவை இரண்டே. ஒன்று ஊரிலேயே, சின்ன ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒன்பது படுக்கை உள்ள பழைய கட்டடம். இன்னொன்று கில்டேராவில், ஆறு வருஷம் முன்பு கட்டிய பெரிய இல்லம். இரண்டிற்கும் நான்கு முறை போனார். கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். மருந்து அலமாரி பூட்டியிருக்கிறதா என்று கவனித்தார். ஆள் இல்லாத அறையில் தனியே நின்று அழைப்பு மணியை அழுத்திக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் ஆஸ்பத்திரியில் கோரலின் கட்டிலருகே உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்.

"எத்தனை இடத்துல குழாய் விட்டே?" என்றாள் கோரல்.

"செவ்வாக்கிழமை காலைல, சனிக்கிழமை சாப்பாட்டு நேரம், ஞாயித்துக்கிழமை மத்தியானம். அப்புறம் சொல்லாமக் கொள்ளாம ஒரு தடவை."

"நான் கோதுமை இல்ல ரெக்ஸ். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கோதுமைக்கு இடுப்பு உடையாது."

அவள் வாயின் வலது பக்கம் மட்டும் சிரித்தது. "நம்ம ஊருல என்ன கொறை கண்டுபிடிச்சே?"

"மணி அடிச்சேன். நர்ஸ் ஜூன் டுகன் வர்றதுக்குப் பதினாலு நிமிஷம் ஆச்சு. கில்டேராவுல ரெண்டு நிமிஷம்கூட ஆகல."

"ஜூனா? அவ ஒரு ஸ்டாம்பு வாங்கவே பதினாலு நிமிஷம் நின்னு பேசுவாளே."

"நீ கீழ கெடக்கறப்ப பதினாலு நிமிஷம் ரொம்ப நேரம், கோரல்."

அவள் அவர் கையை வலது கையால் தட்டிக்கொடுத்துவிட்டு, "எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டாள்.

"நூத்தி நாலு கிலோமீட்டர்."

கில்டேரா இல்லத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. தரையில் ஈரம் இருக்காது. கோரலை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தார்கள். உடம்பில் ஒரு புண் வரவில்லை. ரெக்ஸ் வாரத்தில் மூன்று நாள் போனார். போனதும் முதல் வேலை சோதனைதான். ஒருநாள் பழைய கிடங்குத் தெர்மாமீட்டரைக் கழுவி எடுத்துவந்து பூசணி சூப்பில் விட்டார்.

அறைக்குப் பொறுப்பான லிட்டியா ஃபிஜியிலிருந்து வந்தவள். இடுப்பில் கைவைத்து நின்றாள். "ரெக்ஸ், சூப்புக்குக் காய்ச்சலா?"

"அறுபத்தஞ்சு டிகிரி. பரவால்ல."

"அப்ப மாத்திரை வேணாம்ல?" என்று சொல்லி அவள் போவதற்குள் அடுத்த அறையில் மணி அடித்தது. ஓடினாள். அங்கே எல்லாரும் ஓடுகிறவர்கள்.

ரெக்ஸுக்கு ஒரு கண்ணில் புரை. பொழுது சாய்ந்தால் சாலையில் கங்காரு குறுக்கே வரும். அதனால் மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். கிளம்புமுன் கோரல் தவறாமல் ஒன்று கேட்பாள்.

"ஊருல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல."

பொய் இல்லை. அவர் கண்ணுக்கு ஊரில் ஒன்றும் நடக்கவில்லைதான். ஊர் விசேஷத்தை எல்லாம் நாற்பத்தாறு வருஷமாகச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தவள் கோரல். தபால் ஆபீஸ் கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவள். அவர் சூப்பைக் குடித்துக்கொண்டே காதில் போட்டுக்கொள்வார். இப்போது வீட்டில் ரேடியோ பேசியது. அவர் ஒரு தட்டைக் கழுவி, ஒரு கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டுப் படுத்தார்.

ஏழாம் மாதம், நவம்பரில், இல்லத்து வாசல் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அரசு மதிப்பீட்டாளர்கள் இன்று வந்திருக்கிறார்கள், பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்று பெரிய எழுத்தில். அவர்கள் எப்போது வருவார்கள் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. ரெக்ஸுக்கு அந்த முறை பிடித்திருந்தது. அன்றைக்கு மேலாளர் முதல் சமையற்காரி வரை எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்கள்.

கோரலின் அறைக்கு வந்த அம்மாவின் பெயர் ப்ரொன்வின். ஐம்பது வயதிருக்கும். ரெக்ஸ் கேட்காமலே, இதற்குள் நிரம்பியிருந்த மூன்று நோட்டுகளையும் மேஜையில் வைத்தார். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"நீங்க எங்ககூட வேலைக்கு வந்திருக்கலாம்," என்றாள்.

"அவர் வந்தா ஒரு எடமும் தொறந்திருக்காது," என்றாள் கோரல் கட்டிலிலிருந்து.

ப்ரொன்வின் நாற்காலியைக் கட்டில் பக்கம் திருப்பிப் போட்டாள். "நீங்க சொல்லுங்க கோரல். இங்க பாதுகாப்பா இருக்கற மாதிரி தோணுதா?"

"பேங்க் லாக்கர்ல வெச்ச மாதிரி இருக்கு."

"சாப்பாடு?"

"சூடா இருக்கு. அறுபத்தஞ்சு டிகிரி."

"உங்களுக்கு எது முக்கியம்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

கோரல் எதிர் அறைப் பக்கம் பார்த்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் பேச்சு நிதானமாகத்தான் வரும்.

"ஊருல யாருக்கு எங்கேந்து கடுதாசி வருது, யாருக்கு வரலன்னு எனக்குத் தெரியும்மா. எதிர் ரூம்ல இருக்கறவ பேரு வைலட். ஏழு மாசத்துல அது ஒண்ணுதான் தெரிஞ்சுகிட்டேன். அவளுக்குக் காது கேக்காது. இந்தப் பொண்ணுங்க தங்கமான பொண்ணுங்க. மணி அடிச்சா ஓடி வந்து, என்ன வேணும்னு கேக்கறாங்க. ஒண்ணும் வேணாம், சும்மா செத்த உக்காருன்னு எப்படிச் சொல்றது? பக்கத்து ரூம்ல மணி அடிக்குதே."

"மணி அடிக்கறதையே விட்டுட்டீங்களா?"

"ஜூலையிலேயே."

ரெக்ஸ் நோட்டைப் பார்த்தார். ஜூலை முதல் கோரலின் மணிக்கு எதிரே எல்லா நாளும் குறையில்லை என்றே எழுதியிருந்தார்.

"சரி, நீ எந்த ஊரு?" என்று கோரல் அவளைக் கேட்டாள். "ப்ரொன்வின்னு பேர் வெச்சிருக்காங்க, சுரங்க வேலைக்கு வந்தவங்க வெக்கற பேராச்சே. உங்கப்பா சுரங்கத்துக்காரரா?"

"தாத்தா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அந்தப் பேருக்கு எத்தனை மணியார்டர் அனுப்பியிருக்கேன்! கல்யாணம் ஆச்சா? ஆகி முடிஞ்சு போச்சா?"

ப்ரொன்வின் வாய்விட்டுச் சிரித்தாள். பேனாவை மூடிவைத்துவிட்டு மேலும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கோரல் இரண்டு முறை சிரித்தாள். அந்தக் கட்டடத்துக்குள் ரெக்ஸ் அதைக் கேட்டதில்லை. அன்று மூன்று மணிக்குக் காரில் ஏறியவர், சாவியைப் போட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் நெடுநேரம் இருந்தார்.

மறுநாள் காலை தின்மாரா ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய் ஜூன் டுகன் முன்பு நின்றார்.

"கோரலுக்கு இங்க ஒரு படுக்கை வேணும்."

"இப்பதான் வழி தெரிஞ்சுதா?" ஜூன் பட்டியலை எடுத்தாள். "முன்னால மூணு பேர் இருக்காங்க. நாலாவதா எழுதறேன். இங்க படுக்கை எப்படிக் காலியாகும்னு உனக்குத் தெரியும். அவசரப்படுத்த முடியாது."

ரெக்ஸ் முதல் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். "அன்னிக்கு மணி அடிச்சேன். பதினாலு நிமிஷம் ஆச்சு. ஏன்?"

ஜூன் தேதியைப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"மே பதினொண்ணு. அது பெர்ட் லீஷ்கே போன நாள். அவனுக்குன்னு யாரு இருக்கா? கையைப் புடிச்சுகிட்டு உக்காந்திருந்தேன். நீ ஒரு காலி ரூம்லேந்து மணி அடிச்சே. காலி ரூம்னு மணி போர்டுல தெரிஞ்சுது."

ரெக்ஸ் நோட்டை மூடினார்.

"நீ எழுதினது தப்பில்ல," என்றாள் ஜூன். "அந்த நேரம் நான் ஒருத்திதான் இருந்தேன். வேற ரூம்ல யாராவது விழுந்திருந்தா? ஆள் பத்தாதுன்னு நானும்தான் மேல எழுதிட்டே இருக்கேன். ஆனா நீ ஏன்னு அன்னிக்கே கேட்டிருக்கலாம், ரெக்ஸ்."

கிடங்கில் வண்டைப் பார்த்து எங்கிருந்து வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. லாரியைத் திருப்பி அனுப்புவதோடு சரி.

அன்றே புது நோட்டு ஒன்று வாங்கினார். காலையில் தபால் ஆபீஸ், பிறகு ரொட்டிக்கடை, வெள்ளிக்கிழமை கிளப், ஞாயிறு லூத்தரன் கோயில் வாசல். முன்பெல்லாம் தொப்பியைத் தொட்டுவிட்டு நகர்கிறவர், இப்போது நின்றார். கேட்கத் தெரியாமல் கேட்டார். "உங்க வீட்டுல என்ன விசேஷம்?" என்று அவர் கேட்டதில் ரொட்டிக்கடைக்காரன் பயந்து, "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றான். அதையும் எழுதிக்கொண்டார்.

கோரல் கட்டிலில் சாய்ந்து கேட்டாள். அவர் வரிசையாக வாசித்தார், ஈரம் இத்தனை, தூசி இத்தனை என்று வாசித்த அதே குரலில்.

"க்ளெம்கே வீட்டுச் சின்னவன் ஸ்கூல் டீச்சரோட ரெண்டு தடவை கிளப்புக்கு வந்தான்."

"எந்த டீச்சர்? பெரியவளா, பல்லு தூக்கினவளா?"

"பல்லைப் பாக்கல."

"எதைத்தான் பாப்பே நீ? அடுத்த தடவை பல்லைப் பாத்துட்டு வா."

அப்படி ஐந்து வாரம். மூன்றாம் வாரத்தில் பட்டியலில் கோரல் மூன்றாவது ஆனாள்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி காலை ஆறே முக்காலுக்கு போன் வந்தது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். ரெக்ஸ் கால்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இருபுறமும் அறுத்த கோதுமைத் தாள், அதன்மேல் வெயில். எதிரே கோதுமை லாரிகள் கிடங்கை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன. எட்டு மணிக்கு அவர் அறைக்குள் நுழைந்தபோது லிட்டியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஓடாமல் அவள் உட்கார்ந்து அவர் பார்த்தது அன்றுதான்.

"ஏழரைக்குப் போயிட்டாங்க," என்றாள். "மணி அடிச்சாங்க ரெக்ஸ். அவங்களே அடிச்சாங்க. நான் ஒரு நிமிஷத்துல வந்துட்டேன். உக்காருன்னாங்க. உக்காந்துட்டேன்."

"அடுத்த ரூம்ல?"

"அடிச்சுது," என்றாள் லிட்டியா. "அடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஜனவரி நடுவில் கில்டேரா இல்லத்திலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே ஒரு படிவம். எங்கள் சேவையை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிடுங்கள். ரெக்ஸ் சாப்பாட்டு மேஜையில் கண்ணாடியைப் போட்டு உட்கார்ந்தார். சுத்தம், ஐந்து. மருந்து, ஐந்து. சாப்பாடு, ஐந்து. அழைத்தால் வருவது, ஐந்து. பொய்யாக ஒன்றும் எழுதவில்லை. எட்டு இடத்தில் குழாய் விட்டு எடுத்தது அது.

கடைசிக் கேள்வி: உங்கள் குடும்பத்தாருக்கோ நண்பர்களுக்கோ இந்த இல்லத்தைப் பரிந்துரைப்பீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் இருந்தன. தேநீர் ஆறிப்போகிற வரை பேனாவை வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, ஓரத்தில் எழுதினார்: எங்கள் வீட்டிலிருந்து 104 கிலோமீட்டர்.

தபால் ஆபீஸில் கோரல் இருந்த இடத்தில் இப்போது டீனா இருந்தாள். உறையை வாங்கி முத்திரை குத்தினாள்.

"கேட்டீங்களா ரெக்ஸ்? நேத்து லாங் வீட்டு ஆட்டுக்குட்டி டிரைவர் மைக்கோட பஸ்ஸுல ஏறிடுச்சு. கடைசி சீட்டுல ஜம்முனு உக்காந்திருக்கு. கிளப் வரைக்கும் போயிட்டுதான் மைக் பாத்தாராம்."

"எந்த லாங்?" என்றார் ரெக்ஸ். "மில்லுக்குப் பக்கத்துலயா, பாலத்துக்கிட்டயா?"

"பாலத்துக்கிட்ட."

வெளியே வந்து, அவ்வளவாக நிழல் தராத யூகலிப்டஸ் மரத்தடியில் காருக்குள் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். லாங், பாலம், ஆட்டுக்குட்டி, பஸ், கடைசி சீட்டு என்று எழுதினார். தேதி போட்டார். நாளைக்கு வியாழக்கிழமை, கோரல் இருந்தவரை அவர் கில்டேரா போகிற நாள்.

எழுதினதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். மூடினதைப் பைக்குள் வைக்காமல், கோரல் உட்காரும் பக்கத்து சீட்டில் வைத்தார்.