குழி கேக்

புது வீட்டுக்கு வந்து சரியாகப் பத்தொன்பது நாளும் ஏழு மணி நேரமும் ஆனபோது, சூளை சார் தன் மருமகளின் ஓவன் கதவைத் திறந்தார்.

கணக்கு அவரே போட்டதுதான். எதற்கும் நேரம் குறித்து வைக்கிற பழக்கம் பீங்கான் தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்டது. முப்பத்தொரு வருஷம் அங்கே சூளைக்குப் பொறுப்பாக இருந்தவர். கை கழுவும் தொட்டி, தரை ஓடு, எதுவானாலும் அவர் தலையசைத்த பிறகுதான் வெளியே வரும். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். பெயர் ஓய்வு பெறவில்லை. மனைவிகூட வெளியாளிடம் "எங்க வீட்டுச் சூளை" என்றுதான் சொல்வாள்.

மகனுக்கு வேலை மாற்றல் வந்ததும் நாலு பேரும் பெட்டி கட்டிக்கொண்டு இந்த மூன்றாவது மாடிக்கு வந்தார்கள். மருமகள், தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். இங்கே பதினொரு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினாள். பதினொன்றும் கிணற்றில் போட்ட கல். வாடகை வீட்டோடு ஒரு பழைய ஓவன் இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, உள்ளே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, புது நோட்டு ஒன்றை எடுத்துத் தேதி போட்டாள். கை சும்மா இருந்தால் அவளுக்குத் தலை வலிக்கும்.

முதல் நாளே மாமனாரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உள்ளே கேக் இருக்கும்போது கதவை மட்டும் யாரும் திறக்கக் கூடாது."

"எனக்கா சொல்றே?"

அவ்வளவுதான், கதை ஆரம்பமாயிற்று. ஒரு ஆள், எப்படி வேகிறது பார்ப்போமே என்று சூளைக் கதவை அரை மணி நேரம் முன்னால் திறந்தான். நாற்பது தொட்டி. ஒவ்வொன்றாக டக் டக்கென்று விரிசல் விட்டது. என்னடா பண்ணினே என்றால், 'சும்மா பார்த்தேன் சார்' என்கிறான். அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மருமகள் நாற்பது நிமிஷம் நின்றுகொண்டே கேட்டாள். மகன் 'சும்மா பார்த்தேன்' வருகிற இடத்தில் அப்பாவோடு சேர்ந்து வாயசைத்தான். அவனுக்கு மனப்பாடம்.

அப்படிப்பட்டவர்தான் திறந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் குடியிருப்போர் கூட்டம். தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றி. முடிந்தவர்கள் ஏதாவது தின்பண்டம் கொண்டு வரலாம் என்று செயலாளர் அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார். பத்தொன்பது நாளாக அந்தக் கட்டடத்தில் மருமகளோடு பேசியது மின்தூக்கி மட்டும்தான். அதுவும் மாடி எண்ணை. அவள் கேக்கை உள்ளே வைத்து, முப்பத்தைந்து நிமிஷத்துக்கு மணி வைத்தாள். இருபதாவது நிமிஷம், "மாமா, ரெண்டு குடம் ஊத்திக்கிட்டு வந்துடறேன், பார்த்துக்கோங்க" என்று குளிக்கப் போனாள்.

பார்த்துக்கொள்ளச் சொன்னால் பார்க்க வேண்டாமா? ஓவனுக்குள் விளக்கு எரியவில்லை. கண்ணாடி பழுப்பேறிக் கிடந்தது. செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தார். தன் மூக்குதான் தெரிந்தது. உள்ளே ஒரு பொருள் வெந்துகொண்டிருக்கிறது, வெளியே சூளை சார் அது எப்படியென்று தெரியாமல் நிற்கிறார். முப்பத்தொரு வருஷத்தில் நடக்காத அவமானம்.

திறந்தார். இடது பக்கம் சூடு அதிகம் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. துண்டை மடித்துப் பிடித்து, தட்டை அரைவட்டம் திருப்பினார். கதவு இறுக்கமாக இருந்ததால் முழங்காலால் தள்ளிச் சாத்தினார். டமால்.

கேக் வெளியே வந்தபோது நடுவில் ஒரு குழி. சின்னக் கிண்ணம் உட்காரலாம். மருமகள் ஈரத் தலையோடு அதைப் பார்த்தபடி நின்றாள். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கை நோட்டைத்தான் எடுத்தது.

"கதவை யாராவது திறந்தீங்களா மாமா?"

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. விவரம் கேட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று. அதட்டிக் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

"யாரும்மா திறக்கப்போறா? நான் இங்கேயேதானே இருந்தேன்."

அவள் எழுதினாள். 'கதவு: திறக்கவில்லை. சாட்சி: மாமா.'

"குழிதானே? அதுல எதையாவது கொட்டி மூடிடலாம்," என்று மகன் பழக்கூழைக் காய்ச்சி ஊற்றினான். "ரோட்டுல போடுற மாதிரி."

வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. தொட்டியை யார் கழுவுவது என்று முடிவாகவில்லை. கேக் முடிந்துவிட்டது. ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே போகப் போகப் பாகுபோல, நடுவில் புளிப்பும் இனிப்புமாக. செயலாளர் மூன்று துண்டு தின்றுவிட்டு, நடுப்பகுதி இனி யாருக்கும் கிடையாது என்று தீர்மானம் போட்டார். மறுநாள் காலையிலிருந்து 'மூணாவது மாடிப் பொண்ணு' போய் 'குழி கேக்' என்று பெயர் விழுந்தது. படிக்கட்டில் போகிறவர்கள் நின்று பேசினார்கள்.

தரைத்தளத்தில் காபிக் கடை வைத்திருக்கும் அக்கா பேச்சோடு விடவில்லை. திங்கட்கிழமையே மேலே ஏறி வந்தாள். பெரிய உடம்பு, மூச்சு வாங்கியது.

"இதே மாதிரி, இதே குழியோட, வியாழக்கிழமை நாலு மணிக்கு நாலு கேக் வேணும். நாலும் ஒண்ணு போல இருந்தா என் கடை அடுப்படியை உன்கிட்டே விட்டுடறேன். எனக்கு ஆள் தேவை. ஆனா ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேற மாதிரின்னா என் கடைக்கு ஆகாது."

"செஞ்சிடலாம் அக்கா," என்றாள் மருமகள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சூளை சார் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

அன்றைக்கே செய்தாள். அதே அளவு மாவு, அதே முட்டை, அதே சூடு. கேக் உருண்டு திரண்டு, மேலே ஒரு கீறல் இல்லாமல் வந்தது.

"அடேயப்பா! கடையில வாங்கினது மாதிரியே இருக்கு," என்றாள் மாமியார்.

"ஆமாம் அத்தை," என்று மருமகள் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை சோடா உப்பைக் கூட்டினாள். இன்னும் எழும்பியது. புதன் காலை முட்டையைக் குறைத்தாள். கொஞ்சம் அடர்த்தி, ஆனால் மேடு மேடுதான். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும் என்பது அவள் படித்த படிப்பு. வீட்டில் எல்லோரும் காலையும் மாலையும் பழுதில்லாத கேக் தின்றார்கள். முகங்கள் மட்டும் துக்க வீடு.

"இன்னும் ஒரு நல்ல கேக் வந்தா நான் ஊரை விட்டே போயிடுவேன்," என்றான் மகன்.

அது வேடிக்கைக்குச் சொன்னது. புதன் மத்தியானம் வேடிக்கை போய்விட்டது. மருமகள் நோட்டை வரிவரியாகப் பார்த்து, மிச்சம் இருக்கிற ஒரே சந்தேகத்தில் விரல் வைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை போட்டது பழைய மாவு. அந்த பாக்கெட் எங்கே?"

"காலியாச்சு, தூக்கிப் போட்டேன்," என்றான் மகன்.

"எந்தக் கடை, எந்தத் தேதின்னு அதுலதான் இருந்துது. நான் எழுதறதுக்குள்ளே உன்னை யார் தூக்கிப் போடச் சொன்னது?"

"மாவு பாக்கெட்டைப் பத்திரப்படுத்தி வைக்க, அது என்ன நிலப் பத்திரமா?"

"உனக்கு வேலை இருக்கு. பேசுவே."

மகன் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரில் இருக்கும் மளிகைக் கடை எல்லாம் ஏறி இறங்கி, ஏழு விதமான மாவோடு வந்தான். அதையும் அவள் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தான். சூளை சார் கூடத்து நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். செய்யாத தப்புக்கு மகன் ஊர் சுற்றுகிறான். செய்தவர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தால் ஒரு பொய். இப்போது சொன்னால் நாலு நாள் பொய், மூணு கேக், ஒரு சண்டை, ஏழு பாக்கெட் மாவு. போகப் போக விலை ஏறுகிற சரக்கு.

அதனால் அவர் வேறு வழி யோசித்தார். சொல்லாமலே செய்துவிட்டால்? இன்னொரு தடவை இருபத்திரண்டாவது நிமிஷம் கதவைத் திறந்து, தட்டைத் திருப்பி, டமாலென்று சாத்திவிட்டால் குழி தானாக விழும். அவள் மாவின் மகிமை என்று நினைத்துக்கொள்வாள். யாருக்கும் கெடுதல் இல்லை.

ஆனால் அவள் இப்போது ஓவனுக்கு முன்னால் முக்காலி போட்டு, வெப்பமானியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாடி, கீழே யாரோ உன்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்துது."

"கூப்பிட்டா மேலே வருவாங்க மாமா."

"உன் போன் அடிக்குதே."

"என் கையிலதான் இருக்கு."

"கொஞ்ச நேரம் காத்தாட நில்லும்மா. நான் பார்த்துக்கறேன்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கண்ணில் நன்றி. "எனக்காக நீங்க ஒருத்தராவது கவலைப்படறீங்க மாமா," என்றாள். சூளை சார் கூடத்து நாற்காலிக்கே திரும்பிப் போனார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கொடித் துணியை எடுக்க அவள் ஓடினாள். மணி பார்த்தார். இருபத்தொன்றரை நிமிஷம். பூனைபோல வந்து, துண்டை மடித்து, கைப்பிடியைத் தொட்டார்.

"என்னங்க?"

மனைவி வாசலில் நின்றாள்.

"ஓவனுக்குக் கும்பிடு போடறீங்களா?"

"கைப்பிடி லூஸா இருக்கான்னு பார்த்தேன்."

"உங்க மாதிரி ஆள் வீட்டில இருக்கறதாலதான் அந்தப் பொண்ணு அந்த ஒரு விஷயத்துலயாவது நிம்மதியா இருக்கு. வேற எவனாவதா இருந்தா எப்பவோ திறந்து பார்த்திருப்பான்."

துணிக் குவியலோடு மருமகள் உள்ளே வந்தாள். கேக் முழுநிலவாக வெளியே வந்தது.

வியாழக்கிழமை இரண்டு கேக் செய்தாள். இரண்டும் நல்ல கேக். மூன்றாவதற்குக் கலந்த மாவு தட்டில் காத்திருந்தது. அவள் அதை உள்ளே வைக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக மகன் அவள் தோளைத் தொட்டான். அவள் தள்ளிவிடவில்லை. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

மூன்றே முக்காலுக்குக் காபிக் கடை அக்கா வந்துவிட்டாள். மாவுக் கறை படிந்த முன்துணி, நெற்றியில் வியர்வை.

"எங்கே என் குழி?"

"வரலை அக்கா."

"என்னது?"

"அன்னைக்கு எப்படி வந்ததுன்னு எனக்கே தெரியலை. அஞ்சாறு தடவை செஞ்சு பார்த்துட்டேன். அது நான் செஞ்சதே இல்லை போல இருக்கு. உங்களை இழுத்தடிக்கறதுல அர்த்தமில்லை. வேற ஆளைப் பாருங்க."

அழாமல் சொன்னாள். எழுதி வைத்துப் படித்தது மாதிரி சொன்னாள். விண்ணப்பம் போட்ட பதினொரு இடத்தோடு இதைப் பன்னிரண்டாவதாகச் சேர்த்துக்கொண்டாள் என்பது சூளை சாருக்குத் தெரிந்தது.

அக்கா உடனே போய்விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இருபது வருஷமா அடுப்படியில நிக்கறேன். காரணமில்லாம எதுவும் அமுங்காது. அன்னைக்கு என்ன செஞ்சேன்னு படி, கேட்போம்."

மருமகள் நோட்டைத் திறந்து படித்தாள். மாவு இவ்வளவு. வெண்ணெய் இவ்வளவு. சூடு நூற்றெண்பது. ஒவ்வொன்றுக்கும் அக்கா சரி சரி என்று தலையாட்டினாள்.

"நடுவில கதவைத் திறந்தியா? திறந்தா அமுங்கும்."

"அதான் அக்கா நானும் முதல்ல நினைச்சேன். இல்லை. எங்க மாமா பக்கத்துலயே இருந்தாங்க."

"சார் பார்த்துக்கிட்டே இருந்தாரா?"

"அவர் சொன்னா சொன்னதுதான்," என்றாள் மாமியார். "முப்பத்தொரு வருஷம் சூளை பார்த்தவர். கதவைத் திறந்தான்னு ஒரு ஆளையே வீட்டுக்கு அனுப்பினவர்."

"அப்பாவாவது, திறக்கறதாவது," என்றான் மகன்.

"அப்ப அது இல்லை," என்று அக்கா எழுந்தாள். முன்துணியை உதறிக்கொண்டாள். "சரிம்மா. உன் கைக்கு அன்னைக்கு ஏதோ வாய்ச்சுது. மறுபடி வாய்ச்சா சொல்லு."

மருமகள் எழுந்து நின்று கும்பிட்டாள். அக்கா வாசலில் செருப்பைத் தேடினாள். ஒரு செருப்பு கிடைத்துவிட்டது. இன்னொன்றை மாமியார் குனிந்து தேடினாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றார் சூளை சார்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மருமகள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். தொழிற்சாலையில் ஆட்களுக்கு உத்தரவு சொல்கிற குரல் வந்தால் தேவலை என்று பார்த்தார். வரவில்லை.

"அதுல சாட்சின்னு ஒரு வரி இருக்குமே, அதை அடிச்சிடு."

"எதுக்கு மாமா?"

"அடிச்சியா? இப்ப எழுதிக்கோ. இருபத்திரண்டாவது நிமிஷம்."

அவள் பேனாவை எடுத்தாள். "இருபத்திரண்டாவது நிமிஷம்?"

"மாமனார் கதவைத் திறந்தார்."