வானொலியில் ஓடிய படம்

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவளுக்குக் கையும் கண்ணும் நன்றாகவே பேசும். வாயைத் திறக்கச் சொன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவளைப் போய் வானொலியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

போகாமல் இருக்கவும் முடியாது. பிழைக்க வந்த நாட்டில் நம் சனங்களுக்குக் கைபேசியிலேயே குறும்படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய நான்கு வருட ஆசை. நூலகர் மாடி அறையைச் சும்மா தருவதாகச் சொல்லி, கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். சனிக்கிழமை மதியத்துக்குள் பத்துப் பெயர் வேண்டும், இல்லையென்றால் அறை யோகா வகுப்புக்குப் போய்விடும். கடை கடையாக நோட்டீஸ் ஒட்டியும் தேறியது மூன்று பெயர்தான். நாத்தனார், நாத்தனாரின் தோழி, பிறகு கணவர். அவரைக் கேட்காமலே எழுதிக்கொண்டாள்.

உள்ளூர் வானொலியில் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் தமிழ். நடத்துபவர், வாரமெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் ஓர் அக்கா. நிலையம் என்று பெயர்தான் பெரிது. இரண்டு மைக், எதிரொலி அடக்கச் சுவரெல்லாம் ஒட்டிய முட்டை அட்டை, மூடினால் திறக்க அடம்பிடிக்கும் கதவு.

"பயப்படாதம்மா. யாரும் உன்னப் பாக்கப்போறதில்ல" என்றார் அக்கா.

அதுதானே சிக்கலே! சிவப்பு விளக்கு எரிந்ததும், "அதாவது, முதல்ல இப்படி ஒரு ஃபிரேம் வெச்சு..." என்று இரண்டு கைகளாலும் காற்றில் சட்டம் போட்டுக் காட்டினாள். "அப்புறம் கேமராவ இப்படிக் கொண்டுவந்து, இப்படி..." அக்கா தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"அக்கா, நான் எடுத்த படம் பென் டிரைவ்ல இருக்கு. அதப் போடுங்க."

வானொலியில் படம் போடச் சொன்ன முதல் ஆள் இவளாகத்தான் இருக்கும். அதிலும், அந்தப் படத்தில் மருந்துக்குக்கூட வசனம் கிடையாது. அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போட்டார்.

சாவி இரண்டு சுற்று சுற்றியது. கதவு திறந்து மூடியது. செருப்புகள் விழுந்தன. பாத்திரத்தில் தண்ணீர், பிறகு அடுப்பு, பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். கொதி வந்து அடங்கும்வரை வேறொன்றும் இல்லை. மொத்தம் இரண்டு நிமிடம். மானம் கப்பலேறிவிட்டது என்று அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அக்காவே வகுப்பைப் பற்றிச் சொல்லி, பெயர் கொடுக்க நிலையத்தின் எண்ணையும் அறிவித்தார். தொலைபேசி அடித்தது.

"அந்தப் பொண்ணு ரெண்டாவது ஷிப்ட் முடிச்சுட்டு வருதாம்மா? செருப்பு விழுற சத்தத்துலயே தெரியுது. என் பேர எழுதிக்கோ" என்றது ஒரு பெண்குரல்.

வைத்ததும் அடுத்த அழைப்பு. "ரொம்பச் சின்ன வீடு. அடுப்புக்கும் நாற்காலிக்கும் ரெண்டு எட்டுதான்." அதற்கடுத்தவர், "தண்ணி ஒரே ஒரு ஆளுக்குத்தான் வெச்சா, பாவம்" என்றார்.

திரையில் பார்த்தவர்கள் எல்லோரும் "ஒண்ணுமே நடக்கலையே" என்று உதட்டைப் பிதுக்கிய படம் அது. முகம் தெரியாத இந்த மனிதர்கள் வெறும் காதை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறார்களே! ஆறு பேர் அழைத்து ஆறு பேரும் பெயர் கொடுத்தார்கள். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

ஏழாவதாக வந்தவர் பேருந்து ஓட்டுநர்.

"டிப்போவுல இருந்து பேசறேன்மா. ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணு ஏன் கடைசி வரைக்கும் லைட்டே போடல? சுவிட்ச் சத்தம் வரவேயில்லையே."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். உண்மைதான். அடுப்பு வெளிச்சத்தில்தான் முழுப் படத்தையும் எடுத்திருந்தாள். பார்த்தவர்களோ படம் இருட்டாக இருக்கிறது என்று குறைதான் சொன்னார்கள்.

"லைட்டப் போட்டா, வீட்ல வேற யாருமில்லன்னு அவ கண்ணுக்கே தெரிஞ்சிடும்ணா" என்றாள்.

அவர் மெதுவாகக் கேட்டார். "யாரும்மா அந்தப் பொண்ணு?"

கணவர் வந்து சேர்வதற்கு முந்தைய அந்த ஒரு வருடத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம்கூட.

"நான்தாண்ணா."

"நானும் அப்படித்தான்மா இருந்தேன். எனக்கும் ஒண்ணு எடுக்கணும். எழுதிக்கோ."

அவர் பெயரைச் சொன்னார். அது பத்தாவது பெயர். கண்ணீரில் தாள் கலங்கித் தெரிந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணா" என்றாள்.