விரல் அகல இடைவெளி

காலை ஆறு இருபதுக்குப் பல் டாக்டரிடமிருந்து ஒன்பதாவது படம் வந்தது.

மேஸ்திரி பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பிரஷ், மறு கையில் போன். முந்தைய எட்டையும் போலவே இதுவும் கல்லும் கல்லும் சேரும் இடத்தை ஒட்டி எடுத்த படம். விளிம்பு பிளந்திருந்தது. பிளவுக்குள் கறுப்பாக ஏதோ கசிந்து நின்றது. முழுத் தளம் ஒரு படத்திலும் இல்லை.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"யாரு கடைவாய்ங்க இது?"

"தளம்டி. டாக்டர் வீட்டு நீச்சல் குளத்துத் தளம்."

"சொத்தைப் பல்லாட்டம்ல இருக்கு."

அவர் வாயில் இருந்த நுரையைத் துப்பினார். பிரஷ்ஷைத் திரும்ப வாய்க்குள் விட மனம் வரவில்லை.

அன்று பத்து மணிக்கு இன்ஜினியரம்மா அந்தத் தளத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் கட்டும் ஆஸ்பத்திரியில் ஒரு குளம் வருகிறது. கைகால் விழுந்தவர்கள் தண்ணீருக்குள் நடந்து பழகுவதற்கான குளம். அதைச் சுற்றித் தளம் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். தளம் போடுகிறவர்களுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. போட்ட தளம்தான் நிற்பதில்லை. மண் அப்படி. கறுப்புக் களிமண். வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் பஞ்சு மாதிரி உப்பும். மேலே எதை வைத்தாலும் தூக்கிப் போடும். மேஸ்திரி டாக்டர் வீட்டில் போட்டது மட்டும் மூன்று மழைக்குக் கீறல் விழாமல் கிடந்தது. "நடந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றிருந்தார் இன்ஜினியரம்மா. மேஸ்திரியின் முப்பது வருட வேலையில் குறை சொல்ல வந்தவர்கள் உண்டு. பார்ப்பதற்கென்று ஒருவர் வருவது இதுதான் முதல் தடவை. அதற்கென்றே போன வாரம் மேஸ்திரி புதுச் சட்டை ஒன்று எடுத்திருந்தார்.

அதைப் போடவில்லை. பழையதை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மச்சினன் முக்குக் கடையில் காத்திருந்தான். மனைவியின் தம்பி. பதினொரு வருடமாக அவரோடு வேலை. வண்டியின் பின்னால் ஏறினான். பின்னால் உட்கார்ந்தால் அவன் வாய் திறக்கக் கூடாது என்பது இருவருக்கும் இடையில் சொல்லாத சட்டம். அவன் வாய் நாற்றம் அப்படி. வேலை செய்யும்போதும் மட்டப்பலகையின் ஒரு முனையில் அவர், மறு முனையில் அவன். சாப்பிடும்போது அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

"டாக்டர் வீட்டுத் தளம் தூக்கிடுச்சாம்டா."

மச்சினன் பதில் சொல்லவில்லை. சட்டத்தை மதிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டர் வாசலிலேயே நின்றார். கையில் ரப்பர் கையுறை. வீட்டின் முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் குளம். நடுவில் கிருமி மருந்து நெடி.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாங்க மேஸ்திரி."

பிடித்திருக்கலாம். குளம் பச்சையாக இருந்தது. தண்ணீர் இரண்டு அடி இறங்கி, இறங்கிய இடத்தில் ஓடுகளின் மேல் வழுவழுவென்று ஒரு படலம் விட்டிருந்தது. ஒரு தவளை வயிற்றைக் காட்டி மிதந்தது. அதன் காலில் யாருடைய காயத்துக்கோ ஒட்டிய பிளாஸ்திரி சுற்றியிருந்தது. பத்து நாள் மழை. மூலைக்குத் தள்ளிய நுரையில் முடிக்கற்றை, இலை, வெளுத்துச் செத்த மண்புழுக்கள். மேஸ்திரி பார்வையைத் தளத்துப் பக்கம் திருப்பினார்.

குளத்தின் ஓரக் கற்கள் ஏழு பெயர்ந்திருந்தன. தளம் குளத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. அவர் போட்டது எதிர்ப்பக்கச் சாய்வு. மழைத் தண்ணீர் வெளிப்பக்கம் ஓட வேண்டும். இப்போது தளத்து அழுக்கெல்லாம் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அஞ்சு வருஷம் அசையாதுன்னீங்க."

"அசையாதுன்னு சொல்லலை சார். அசையும், உடையாதுன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

டாக்டர் பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்ப்பதில்லை. வாயைப் பார்ப்பார். மேஸ்திரி உதட்டை மூடிக்கொண்டார். தளம் முடிந்த நாளிலிருந்து இந்த ஆளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. நினைத்த நேரத்தில் போன். இங்கே கறை, அங்கே பாசி, எறும்பு ஒன்று போகிறது, அது எங்கிருந்து வந்தது. ஒரு தடவை எச்சில் தொட்டியில் துப்பியபடியே பேசினார். அதோடு, இனி எதுவானாலும் மச்சினனையே கூப்பிடச் சொல்லிவிட்டிருந்தார் மேஸ்திரி. தளம் பிளந்த படங்கள்தான் மறுபடி இவருக்கே வந்தன.

"ரெண்டு பேஷன்ட் இருக்காங்க. பாத்துட்டு வந்துடறேன். இன்ஜினியர் மேடம் என் ஃப்ரெண்டோட தங்கச்சி. அவங்க கேட்டா இருக்கறதைத்தான் சொல்லுவேன், கோச்சுக்காதீங்க." கையுறையைக் கழற்றி, தொடாத கையையும் சேர்த்துக் குழாயில் கழுவிவிட்டுப் போனார்.

மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழ் ஒரு ஓரத்தில் போய் முட்டி நின்றது.

"கடப்பாரையை எடு. கடைசிப் பலகையை நெம்பு."

தளத்தை அவர் ஒரே பாளமாக ஊற்றவில்லை. மூன்றடிக்கு மூன்றடி தனித்தனிப் பலகைகளாகக் கான்கிரீட் போட்டு, மேலே கால் சுடாத வெளிர் கல் பதித்திருந்தார். இருவரும் இரண்டு கடப்பாரையில் ஒரு பலகையின் ஓரத்தைத் தூக்கி, கட்டையை முட்டுக் கொடுத்தார்கள். அடியிலிருந்து ஒரு மூச்சு வந்தது. மூடிவைத்துக் கெட்டுப்போன பாத்திரத்தைத் திறந்த மாதிரி. மேஸ்திரி தலையைத் திருப்பி இரண்டு முறை ஓங்கரித்தார். ஒன்றும் வரவில்லை.

முதலில் அவருக்கு மச்சினன் மேல்தான் சந்தேகம். அந்த மூலையில் மண்ணைத் தனியாக இடித்துக் கெட்டித்தவன் அவன். கையை உள்ளே விட்டார். கூழாகக் குளிர்ந்து கிடந்தது. முழங்கை வரை துழாவினார். களியை இரண்டடி வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் மண்ணை ஒரு சாண் ஒரு சாணாகக் கொட்டி, நனைத்து, இடித்து ஏற்றியது அப்படியே இருந்தது. சரளை கெட்டியாக விரலில் தட்டியது. குறை இல்லை. அதற்கு மேலே நின்றதுதான் குளத்துத் தண்ணீர். குளத்துச் சுவர் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் இறங்கி அடிக்களியை ஊதவைத்திருக்கிறது.

சுவர் ஏன் விட்டது?

கையை வெளியே எடுத்தார். நகக்கண்ணில் கறுப்பு. முழங்கையில் யாருடையதோ ஒரு நீள முடி ஒட்டியிருந்தது. சட்டையில் தேய்த்தார், போகவில்லை. அப்படியே குனிந்து குளத்தின் ஓரத்தைப் பார்த்தார்.

குளத்துச் சுவருக்கும் தளத்துக்கும் நடுவில் அவர் விரல் அகலம் இடைவெளி விட்டிருந்தார். அடியில் பஞ்சுக்கயிறு, மேலே ரப்பர் பசை. குளம் ஆழத்தில் ஊன்றி நிற்கிறது, அசையாது. தளம் மண்மேல் கிடக்கிறது. மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். ஒன்றை ஒன்று இடிக்காமல் ஏறி இறங்க அந்த விரல் அகலம் வேண்டும். அவர் வித்தை என்று சொல்ல ஏதாவது இருந்தால் அதுதான்.

இப்போது அங்கே ரப்பர் இல்லை. வெள்ளை வெளேரென்று வழவழப்பாக ஒரு கோடு ஓடியது. கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. சாவியால் குத்தினார். சாவிதான் வழுக்கியது. எபாக்ஸிப் பசை. கல்லைவிடக் கெட்டி. மழைக்கு ஏறிய தளம் குளத்து ஓரத்தில் மட்டும் பிடிபட்டு, வெளிப்பக்கம் தூக்கி, ஓரக் கற்களை நெம்பியிருக்கிறது. ஓரக் கல்லோடு சுவரின் மேல்தோலும் பிய்ந்துவிட்டது.

பிசிறில்லாத கோடு. டேப் ஒட்டி, கரண்டி முனையால் இழுத்து, ஈரத்துணியால் ஒரே வீச்சில் துடைத்தது. அப்படி இழுக்கத் தெரிந்தவன் ஒருவன்தான் உண்டு.

"எப்போடா?"

மச்சினன் கடப்பாரையைக் கீழே வைத்தான். "வெயில் காலத்துல."

"யாரைக் கேட்டு?"

"தினம் கூப்பிட்டாரு மாமா. ரப்பர் கறுத்துப்போச்சு, அதுல முடி சேருது, தோலு சேருது, பாத்துட்டுச் சோறு இறங்க மாட்டேங்குதுன்னு. பல்லிடுக்குல அழுக்கு இருந்தா நான் விட்டுவைப்பேனா, நீ மட்டும் ஏன் விட்டேன்னு கேட்டாரு."

"எங்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன?"

"வந்தேன். டாக்டர்னு வாயெடுத்தேன். ‘அந்தாளு என்ன கேட்டாலும் செஞ்சு குடுத்துத் தொலை, அவன் பேச்சை எங்கிட்ட எடுக்காதே’ன்னீங்க."

"இதைக் கேட்டான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல விட்டீங்களா?"

"உனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் எங்கூட மண்ணைத் தின்னுட்டு, அதை அடைக்கக் கூடாதுன்னு தெரியாது?"

"தெரியும்."

"பின்னே? என்ன குடுத்தான் உனக்கு?"

மச்சினன் கிட்டே வந்து மண்டியிட்டான். மேஸ்திரி பழக்கத்தில் முகத்தைத் திருப்பினார். அவன் வாயைத் திறந்து, இரண்டு விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டினான். பின்வரிசையில் நான்கு பற்கள் புதுசாக, வெள்ளையாக. கறுத்திருந்த முன்பல் இரண்டும் தேய்த்து வெளுக்கப்பட்டிருந்தன. மூச்சு முகத்தில் பட்டது. வாடையே இல்லை. கொஞ்சம் கிராம்பு மணம்.

ஆறு மாதமாக அவன் இப்படித்தான் இருந்திருக்கிறான். அவருக்குத் தெரியவில்லை.

"டாக்டரு காசு வாங்காம ஏழு தடவை உக்கார வெச்சாரு மாமா. மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு, மூக்கைச் சுளிக்காம மணிக்கணக்கா பாத்தாரு. நீங்க பதினொரு வருஷத்துல ஒரு நாள் பாத்ததில்ல."

மேஸ்திரி எழுந்து குழாயடிக்குப் போனார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கை சுத்தமான பிறகும் தேய்த்தார். டாக்டர் நின்று கழுவிய அதே இடம் என்பது உறைத்ததும் குழாயை மூடினார்.

இன்ஜினியரம்மா பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு தளத்தில் நடந்தார். சாய்வில் ஒரு இடத்தில் வழுக்கி, சமாளித்து நின்றார். தூக்கி வைத்த பலகைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். சரளையை விரலால் தோண்டிப் பார்த்தார். நாற்றத்துக்கு முகம் சுளிக்கவில்லை.

"அடி வேலை நல்லாருக்கே மேஸ்திரி. இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல."

பிறகு குளத்து ஓரத்தில் உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டின் மேல் நகத்தை வைத்தார்.

டாக்டர் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். வாய்மூடியைத் தாடைக்கு இறக்கி விட்டிருந்தார். மேலங்கியில் ஒரு பொட்டு ரத்தம்.

"இதை யாரு அடைச்சது?" என்றார் இன்ஜினியரம்மா.

"அவங்க ஆளுங்கதான் மேடம்," என்றார் டாக்டர். "நான் சுத்தம் பண்ணித் தாங்கன்னுதான் சொன்னேன். எது போடலாம் போடக் கூடாதுன்னு எனக்கு என்ன தெரியும்?" மச்சினனைப் பார்த்தார். வழக்கம் போல வாயைத்தான்.

மேஸ்திரிக்கு எல்லாம் தொண்டை வரை வந்துவிட்டது. கேட்டது யார், எதற்குக் கேட்டான், எதைக் கொடுத்துக் கேட்டான். இரண்டு வாக்கியம் போதும். ஆஸ்பத்திரிக் குளம் கைவிட்டுப் போகாது. ‘நான் போட்டது சரி, இவன் கெடுத்தான்.’ இவன் என்று மச்சினனைக் காட்ட விரலும் எழுந்துவிட்டது.

மச்சினன் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அந்தப் பழைய பழக்கம். சிரிக்கும்போதும், பேசும்போதும், அக்கா வீட்டுக்குள் நுழையும்போதும் பொத்துவானே, அது. யார் அதைப் பழக்கிவிட்டார்கள் என்று மேஸ்திரி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வாயில் புளிப்பாக ஏதோ ஊறியது. தவளையாலும் இல்லை, கூழாலும் இல்லை.

"நான்தாங்க," என்றார்.

இன்ஜினியரம்மா நிமிர்ந்தார். "நீங்களா?"

"எங்கிட்ட கேட்டாங்க. செஞ்சு குடுக்கச் சொல்லிட்டேன்."

"இடைவெளி விட்டதும் நீங்க, அடைச்சதும் நீங்களா?"

"ஆமா."

மச்சினன் "மாமா" என்றான். கைக்குள்ளிருந்து வந்ததால் சரியாகக் கேட்கவில்லை. மேஸ்திரி அவன் முகத்தை நேராகப் பார்த்தார். இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தில் அம்மைத் தழும்பு இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

"கடப்பாரையை எடுத்து வண்டியில வை," என்றார்.

இன்ஜினியரம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். "ஆஸ்பத்திரியில தினம் அம்பது பேரு நடப்பாங்க மேஸ்திரி. ஒரு ஆளுக்கு அழுக்கு பிடிக்கலைன்னா நீங்க அடைச்சுத் தந்துடுவீங்க. அங்க விழுந்தா எந்திரிக்க முடியாதவங்க அவங்க." குரலில் கோபம் இல்லை. சலிப்புதான். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

டாக்டருக்குத் தோள் இறங்கியது. நீளமாக மூச்சு விட்டார். மேஸ்திரியின் பக்கத்தில் வந்து, முதல் தடவையாக அவர் முதுகில் கை வைத்தார். ஈரக் கை. சட்டை வழியாகச் சில்லென்று இறங்கியது. பாதி திறந்திருந்த மேஸ்திரியின் வாய்க்குள் குனிந்து பார்த்தார்.

"கீழ் வரிசையில ஒண்ணு ஆடுது போலிருக்கே. சாயங்காலம் வாங்க மேஸ்திரி, காசெல்லாம் வேண்டாம், நானே பாத்துடறேன். வருவீங்கல்ல?"